தொட்டிகளை அகட்டவும்

உங்கள் வீட்டுக்கும் அந்தத் தாள் வந்திருக்கும். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவார்களே, அதுதான். வேண்டாததைத் தூக்கிப் போடுங்கள், நடைபாதையைக் காலியாக வையுங்கள் என்று நான்கு மொழியில் புத்தி சொல்லும் தாள். நம் வயதில் அதைக் கையில் எடுத்தால், வேண்டாதது என்று இவர்கள் பழைய நாற்காலியைச் சொல்கிறார்களா நம்மைச் சொல்கிறார்களா என்று ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்கு எப்படியோ, எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் வரும்போதெல்லாம் அப்பாவின் தங்கை, என் அத்தை, காரிடாரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்த வருடத் தாளுக்கு நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அத்தைக்கு வந்த தாளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்போது நான் தொடக்கநிலை நான்கில் இருந்தேன். ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கைக் கட்டி முடித்து ஆட்கள் குடிவர ஆரம்பித்திருந்த சமயம். படிக்கட்டில் கால் வைத்தாலே சிமெண்டும் பெயிண்டும் கலந்த வாசம் மூக்கில் ஏறும். ஏழாவது மாடி. லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது. ஐந்தில் இறங்கி ஏற வேண்டும், அல்லது ஒன்பதில் இறங்கிக் கீழே வர வேண்டும். அப்பா, அம்மா, நான், இரண்டு தம்பிகள். மூவறை வீடு என்று பெயர்தான் பெரிது. அந்தக் கணக்கில் கூடத்தையும் ஓர் அறையாகச் சேர்த்திருந்தார்கள்.

வருடக் கடைசி மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில் அத்தை வந்தாள். பிடோக்கிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தாள். ஒரு கையில் துணிப்பை. இன்னொரு கை இடுப்பில் ஒரு பிஸ்கட் டின்னை அணைத்திருந்தது. டின்னுக்குள் ஒரு மிளகாய்ச் செடி. செடி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். இலை எல்லாம் வெந்து உதிர்ந்து, ஒரு குச்சி மட்டும் நின்றுகொண்டிருந்தது. அவளுடைய இடது மணிக்கட்டில் கிழிந்த வேட்டித் துணியைச் சுற்றியிருந்தாள்.

"கையில என்ன அத்தை?"

"கஞ்சி கொட்டிடுச்சும்மா."

பெரியவர்கள் கூடிப் பேசியதிலிருந்து எனக்குக் கிடைத்த கதை இதுதான். பிடோக் வீட்டில் அத்தை ஆசையாக வளர்த்த மிளகாய்ச் செடியில் மாமா கொதிக்கக் கொதிக்கச் சோற்றுக் கஞ்சியை ஊற்றிவிட்டார். அதற்குக் கோபித்துக்கொண்டு இவள் கிளம்பி வந்துவிட்டாள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். "ஒரு மிளகாச் செடிக்காகவா புருஷனை விட்டுட்டு வருவாங்க?" என்று அப்பா கேட்டார். அம்மா கேட்டாள். வந்த உறவுக்காரர்களும் அதையே கேட்டார்கள்.  அத்தை குச்சியை வெளியே வைத்துத் தண்ணீர் ஊற்றினாள்.

"ரெண்டு மாசம் இருப்பா. கோவம் ஆறுனதும் போயிடுவா," என்றார் அப்பா.

அத்தைக்குக் கூடத்தில் படுக்கை. அப்பா தேநீர் குடிக்க வருவதற்கு முன் பாயைச் சுருட்டிவிட வேண்டும். அவளுடைய துணிப்பை தையல் மெஷினுக்கு அடியில் இருந்தது. சமையலறை அம்மாவுடையது; அங்கே அத்தை ஒரு கரண்டியை இடம் மாற்றி வைத்தாலும் அம்மாவின் முகம் மாறும். குளியலறையில் எப்போதும் யாராவது இருப்பார்கள். அந்த வீட்டில் அத்தை நின்றால் யாருக்காவது வழி விட வேண்டியிருந்தது. கதவைத் திறந்து வெளியே போனால் மட்டும் யாருக்கும் விட வேண்டாம். அதனால் அவள் வெளியே போனாள்.

மழை நின்று தை பிறந்தது. இந்த ஊர் வெயிலைப் பற்றி எல்லாரும் அலுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் வேறு மாதிரி இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? காலையில் காற்று லேசாகக் குளிரும். வானம் கழுவி வைத்த மாதிரி இருக்கும். நனைந்து ஊறிய மண்ணில் எதைப் போட்டாலும் முளைக்கும். மழைக்காலத்திலேயே வெண்டையும் கத்தரியும் ஊன்றியிருந்த அத்தை, இப்போது எதை வேண்டுமானாலும் போட்டாள். பால் டின், மண்ணெண்ணெய் டின், கைப்பிடி உடைந்த வாளி, அடி ஓட்டையான திங்காட் என்கிற சாப்பாட்டுத் தூக்கின் மூன்று அடுக்குகள் என்று கிடைத்ததெல்லாம் தொட்டியானது. புளோக்குக்குப் பின்னால் இன்னும் வெட்டாத மேடு ஒன்று இருந்தது. அங்கிருந்து கோணியில் மண் எடுத்து, ஐந்தாம் மாடியிலிருந்து படியேறித் தோளில் சுமந்து வருவாள்.

புதினாத் தண்டை ஒடித்துச் செருகினாள். வெந்தயத்தை அள்ளி இறைத்தாள். கொத்தமல்லி விதையைத் தரையில் பரப்பி, ரப்பர் செருப்பால் மெதுவாகத் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தாள். "முழுசாப் போட்டா சோம்பேறித்தனம் பண்ணும்," என்பாள். அம்மா அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், முட்டை ஓடு, இறால் தோல் எல்லாம் தொட்டிக்குப் போயின. மீன் தண்ணீர் ஊற்றிய அன்று காரிடார் முழுக்க நாறும். அப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போவார். தண்ணீர் ஊற்ற ஒரு நீல எனாமல் குவளை வைத்திருந்தாள், விளிம்பில் நீலம் பெயர்ந்து கறுப்புத் தெரியும். அந்தக் குவளை பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை. வீடு மாறிய போது நான் தேடாத பெட்டி இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை இழுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போவாள். சிராங்கூன் ரோட்டில் இறங்கினால் மல்லிகைப்பூ, சாம்பிராணி, வறுத்த மிளகாய்ப்பொடி என்று கடைக்கொரு வாசம். அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். நேராக மளிகைக்கடை பாயிடம் போய், மூட்டைக்கடியில் முளைவிட்ட வெங்காயம் இருக்கிறதா என்று கேட்பாள். பாய் நல்ல மனிதர். அழுகலை ஒதுக்கி, முளைத்ததை மட்டும் பொறுக்கி அவளுக்காக எடுத்து வைத்திருப்பார். கொடுக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை சேர்த்தே கொடுப்பார்.

"தோட்டமெல்லாம் சரிதான் தங்கச்சி. வீட்டுக்கு எப்பப் போகப் போறீங்க?"

"இதை வச்சுத் தண்ணி ஊத்தணும் பாய். இப்பதான் போறேன்," என்பாள் அத்தை. அவர் கேட்ட வீடு வேறு என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மாதம்தான் பள்ளியில் வசந்த காலம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். மாமரம் பூக்கும், தென்றல் வீசும், குயில் கூவும் என்று தமிழாசிரியர் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தார். நான் எங்கள் காரிடாரை எழுதினேன். வெண்டைப்பூ மஞ்சளாக மலரும், நடுவில் கருஞ்சிவப்பாக இருக்கும், மத்தியானத்துக்குள் சுருங்கிவிடும், கத்தரிப்பூ ஊதா, எங்கள் மிளகாய்க் குச்சியில் இன்று நான்கு இலை. இப்படியே போனது கட்டுரை. ஆசிரியர் சிவப்பு மையில் கீழே எழுதினார்: 'சிங்கப்பூரில் வசந்த காலம் கிடையாது. புத்தகத்தில் உள்ளதை எழுதவும்.'

அத்தையிடம் காட்டினேன். எழுத்துக் கூட்டாமல் ஒரே பார்வையில் படித்தாள். அவள் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். தமிழ்ப் பத்திரிகையில் பிழை வந்தால் காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து அடித்துத் திருத்திவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போவாள். ஆங்கிலம் தெரியாது.

"அவரை இங்க வந்து பார்க்கச் சொல்லு," என்றாள்.

அதற்கடுத்த வாரம் படிக்கட்டுச் சுவரில் தாள் ஒட்டினார்கள். மேலே ஆங்கிலம், பிறகு சீனம், மலாய், கடைசியில் இடமில்லாமல் நெருக்கியடித்துத் தமிழ். ஆங்கிலத்தில் 'ஸ்பிரிங் கிளீனிங்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். ஆசிரியர் இல்லை என்று அடித்த வசந்தத்துக்கு, புளோக்குகளைப் பராமரிக்கும் அரசாங்க ஆபிஸில் நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள்! காரிடாரில் உள்ள பூந்தொட்டிகள் எல்லாவற்றையும் சனிக்கிழமைக்குள் எடுத்துவிட வேண்டும் என்று ஆங்கிலம் சொன்னது. இல்லையென்றால் ஆபிஸ் ஆட்கள் வந்து எடுத்துப் போவார்களாம்.

அப்பாவுக்கு அது வரமாக வந்தது. அவர் துறைமுகத்தில் ஸ்டோர் கிளார்க், ஆங்கிலத் தாளை அவருக்கு யாரும் படித்துச் சொல்ல வேண்டாம். அத்தை மண்ணெடுக்கக் கீழே போயிருந்த நேரத்தில் அம்மாவிடம் சொன்னார். நான் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குக் காது இல்லை என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை.

"மாப்பிள்ளைக்கு ஃபோன் பண்ணிட்டேன். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிஞ்சதும் டாக்சியில வர்றாரு. நாம போகச் சொன்னாத்தானே தப்பு? தொட்டி போயிடுச்சுன்னா அவளும் போயிடுவா."

 அம்மா வெந்தயக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள், அத்தையின் தொட்டியில் பறித்தது.

அத்தை பிடோக்குக்குப் போகக் கூடாது என்று எனக்கு ஏன் அவ்வளவு தவிப்பு வந்தது என்று தெரியவில்லை. அவளை நோட்டீஸ் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு தமிழ்ப் பகுதியைப் படித்தாள். ஒருமுறை படித்தாள். பக்கத்தில் போய் இன்னொருமுறை படித்தாள். அவள் உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நான் நினைத்தேன்.

'வசந்தகாலத் துப்புரவை முன்னிட்டு, நடைபாதையில் வைத்துள்ள பூந்தொட்டிகள் அனைத்தையும் சனிக்கிழமைக்குள் அகட்டவும்.'

அகற்றவும் இல்லை. அகட்டவும். பேருந்தில் காலை அகட்டி உட்காராதே என்கிறோமே, அந்த அகட்டு.

"அத்தை, இங்கிலீஷ்ல எல்லாத்தையும் எடுக்கச் சொல்லியிருக்கு," என்றேன்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதே. தமிழ்ல அகட்டச் சொல்லியிருக்கான். கவர்மெண்டு சொன்னா செய்யணும்மா."

காதிலிருந்த பென்சிலை அவள் தொடவே இல்லை.

அன்று மாலையே ஆரம்பித்தாள். அதுவரை தொட்டிகள் எங்கள் வாசலில் ஒன்றின்மேல் ஒன்று இடித்துக்கொண்டு குவியலாக இருந்தன. யாராவது நடந்தால் வெண்டை இலை முழங்காலை உரசும். அத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பிடிச் சுவரோரம் ஒற்றை வரிசையாக வைத்தாள். ஒரு தொட்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு சாண். நன்றாக அகட்டினாள். எங்கள் வாசல் போதவில்லை. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் வாசலுக்கு வந்துவிட்டாள்.

அந்த ஆன்ட்டி புத்தாண்டுக்காகக் குட்டி ஆரஞ்சு மரம் இரண்டு வாங்கிச் சிவப்பு நாடா கட்டி வாசலின் இரு பக்கமும் வைத்திருந்தாள். நோட்டீஸைப் பார்த்து அவளும் முகம் வாடித்தான் இருந்தாள். பண்டிகைக்கு முன்னால் வாசல் மரத்தை எடுத்தால் வருடம் முழுக்க வீடு விளங்காதாம். அத்தையும் அவளும் பேசிக்கொள்வது கடைத்தெரு மலாயில். தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆன்ட்டி கேட்டாள். அத்தை இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"காசி ஜாவ்-ஜாவ்." தள்ளித் தள்ளி வை என்று அர்த்தம்.

ஆன்ட்டி கொஞ்ச நேரம் அத்தையின் முகத்தையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பகுஸ் லா! தமிழ் பகுஸ்!" என்று மலாயில் மெச்சிவிட்டு, தன் ஆரஞ்சு மரங்களையும் மூலைக்கொன்றாகத் தள்ளி வைத்தாள். அவள் மூலம் செய்தி கோடி வீட்டு மலாய்க்காரம்மாவுக்குப் போனது. அவள் சமையலுக்கு வாசம் சேர்க்கும் தன் பாண்டான் இலைத் தொட்டிகளை அகட்டினாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் எங்கள் மாடி முழுவதும் தமிழ் நோட்டீஸுக்குக் கீழ்ப்படிந்துவிட்டது. தமிழுக்கு அந்தப் புளோக்கில் அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அப்பா இதை எல்லாம் பார்த்தார்.  சனிக்கிழமை வரட்டும் என்று இருந்திருப்பார்.

சனிக்கிழமை மத்தியானம் ஆபிஸிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட சீன மேலதிகாரி ஒருவர், கூட ஒரு தமிழ் கிளார்க். மீசை இன்னும் சரியாக முளைக்காத முகம். கிளார்க் வரிசையாக நிற்கும் தொட்டிகளைப் பார்த்தான், பிறகு சுவரில் இருந்த நோட்டீஸைப் பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"அக்கா, அது அகட்டவும் இல்லக்கா. அகற்றவும். எடுத்துடணும்னு போட்டிருக்கணும். தப்பா வந்துடுச்சு."

"யாரு தம்பி எழுதுனது?"

"நான்தான்க்கா. ஸ்கூல்ல நான் மலாய்தான் படிச்சேன். தமிழ் வீட்ல பேசுறதோட சரி. ஆபிஸ்ல தமிழ்ப் பேரு உள்ள ஒரே ஆளுன்னு என்கிட்டயே குடுத்துட்டாங்க."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க," என்றாள் அத்தை. "நாலு மொழியும் சமம்னு தானே சொல்றாங்க? என் மொழியில என்ன போட்டிருக்கோ அதை நான் செஞ்சுட்டேன். இனிமே மாத்துனா எப்படி தம்பி?"

அந்த நேரம் பார்த்துப் படியில் மாமா ஏறி வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் எண்ணெய் பளபளத்தது. அப்பா ஓடிப்போய், "வாங்க மாப்பிள்ளை, வாங்க," என்றார். மாமா அவரைத் தாண்டி அத்தையிடம் வந்தார்.

"டாக்சி கீழ நிக்குது. கிளம்பு."

அத்தை அசையவில்லை.

"என்ன கூத்து இது? ஊரைக் கூட்டி வச்சுக்கிட்டு? சார், இதெல்லாம் தூக்கிப் போடுங்க சார். இந்தச் சனியனாலதானே எல்லாம்." மாமா குனிந்து அந்தப் பிஸ்கட் டின்னைப் பிடித்தார். மிளகாய்ச் செடி அதற்குள் நன்றாகத் தழைத்திருந்தது. வெள்ளையாக இரண்டு பூ.

அத்தை அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இடது கையை டின்னுக்குள் விட்டு, மண்ணின் மேல் உள்ளங்கையைப் பதித்து வைத்தாள். மணிக்கட்டில் துணி இல்லை. அங்கே தோல் வழவழவென்று, வெளிறி, ஓரம் சுருங்கி இருந்தது. இத்தனை நாளும் எங்கள் கண் முன்னால்தான் இருந்தது.

"ஊத்துங்க," என்றாள்.

"என்ன?"

"அன்னைக்கு மாதிரியே கை தொட்டியிலதான் இருக்கு. இப்ப இவங்க எல்லார் முன்னாடியும் ஊத்துங்க."

அப்பா, "என்னம்மா சொல்றே?" என்றார்.

"கஞ்சி கொட்டலண்ணே. ஊத்துனாரு. நான் களை எடுத்துக்கிட்டு இருந்தேன்."

"கை இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? தவறிப் பட்டுடுச்சு," என்றார் மாமா.

"நான் நிமிந்து உங்களைப் பார்த்தேன். நீங்களும் என்னைப் பார்த்தீங்க. அப்புறம்தான் ஊத்துனீங்க."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. மாமா டின்னிலிருந்து கையை எடுத்தார். அம்மா எப்போது வெளியே வந்தாள் என்று தெரியவில்லை. கரண்டியோடு வந்து அத்தைக்குப் பின்னால் நின்றாள்.

மேலதிகாரிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஏதோ பெரிதாக நடந்துவிட்டது என்பது மட்டும் புரிந்து, கிளார்க்கிடம் திரும்பினார்.

"வாட் ஷி சே?"

 கிளார்க் எங்களுக்காகச் செய்த இரண்டாவது மொழிபெயர்ப்பு அது. முதலாவதைப் போல் இதைக் கோட்டை விடவில்லை.

"ஷி சே ஷி ஸ்டேயிங் ஹியர், சார்."

"நோ, நோ. த பிளான்ட்ஸ்?"

"ஆல், சார். ஆல் ஸ்டேயிங்."

மேலதிகாரி காரிடாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பார்த்தார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு திரும்ப நடந்து வந்தார். எதுவும் இடிக்கவில்லை. ஒற்றை வரிசையில் நின்ற தொட்டிகளைத் தாண்டி ஒரு சவப்பெட்டியே போகலாம். சீன ஆன்ட்டி தன் ஆரஞ்சு மரத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவரை ஒரு பார்வை பார்த்தாள். "கேன் பாஸ்," என்று அவர் யாரிடமும் இல்லாமல் சொன்னார். "நியூ இயர் ஃபினிஷ், தென் சீ லா." புத்தாண்டு முடிந்தது. அவர் வரவில்லை.

மாமா இன்னும் நின்றுகொண்டிருந்தார். அப்பாவிடம் ஆதரவு தேடினார்.  அப்பா தங்கையின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, டாக்சி நிக்குதுன்னீங்களே. நீங்க போங்க," என்றார்.

மாமா போன பிறகு அப்பா அத்தையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எங்கள் வீட்டு ஆண்களுக்கு அந்தச் சொல் வாயில் வராது. வாசலோரம் அவருடைய செருப்பு அலமாரி ஒன்று இருந்தது, அவரே பலகை வாங்கி அடித்தது, யாரையும் தொட விடமாட்டார். அதை மூச்சு வாங்க இழுத்துக் கூடத்துக்குள் கொண்டு போனார். அது இருந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்கினார். பிறகு, "இங்கயும் வைக்கலாம்," என்று மட்டும் சொன்னார். அந்த இடத்தில் கத்தரி வந்தது. அன்றிலிருந்து தினமும் தான் குடித்த தேயிலைச் சக்கையை அவரே கொண்டுபோய் மிளகாய்த் தொட்டியில் போட்டார்.

அத்தை போகவில்லை. தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள், ஷிஃப்ட் முடிந்து வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், எனக்குக் கல்யாணமாகிப் போகிறவரை எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அம்மாவும் அவளும் சமையலறையில் கடைசிவரை சண்டை போட்டார்கள். ஆனால் அத்தை படுத்த பாய் காலையிலும் சுருட்டாமல் கிடந்தது; அப்பா அதைத் தாண்டிப் போய்த் தேநீர் குடித்தார்.

பெரியவர்களின் கணக்கு எவ்வளவு தப்பு என்று இப்போது பார்க்கிறேன். ஒரு மிளகாய்ச் செடிக்காகப் புருஷனை விட்டு வந்தவள் என்று அவளைச் சொன்னார்கள். கண் முன்னால் துணி சுற்றிய கையோடு நின்றவளிடம், துணியை அவிழ்த்துக் காட்டு என்று ஒருவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டும். செடியைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். பத்து வயதில் எனக்கு அது புரியவில்லை. 

இன்னொன்றும் அவர்கள் தப்பாக நினைத்தார்கள். ஆங்கிலம் தெரியாதவள், பாவம், தமிழில் பிழையாக இருந்ததை நம்பி ஏமாந்துவிட்டாள், அதுவே அதிர்ஷ்டமாகப் போயிற்று என்று அம்மா ரொம்ப நாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்திரிகையில் ஒற்று விழுந்தால்கூட விடாதவள் அத்தை. அவளா அகட்டவும் என்பதை நம்பினாள்? நோட்டீஸ் முன்னால் அவள் உதடு கோணியது அழுகைக்கு இல்லை, சிரிப்பை அடக்கத்தான் என்று எனக்குப் புரிய என் தலை நரைக்க வேண்டியிருந்தது. அவளுடைய வாழ்நாளில் அவள் திருத்தாமல் விட்ட ஒரே பிழை அது.

சரி, இந்த வருடத்துக்கு வருகிறேன்.

நான் இப்போதும் ஆங் மோ கியோவில்தான் இருக்கிறேன், வேறு புளோக். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கிறது. காலையில் குயில் கத்துகிறது, தூக்கம் கெடுகிறது என்று ஆட்கள் புகார் செய்கிறார்கள். அந்தத் தமிழாசிரியர் இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து கேட்க வைத்திருப்பேன். என் வாசலில் புதினா, வெண்டை, ஓமவல்லி, ஒரு மிளகாய் இருக்கின்றன. மிளகாய் அத்தையின் செடியின் வம்சம் என்று சொன்னால் உங்களுக்கு நன்றாக இருக்கும். பொய் சொல்ல மாட்டேன். லிட்டில் இந்தியாவில் வாங்கிய காய்ந்த மிளகாயை உதிர்த்துப் போட்டதுதான்.

என் மகள் நல்ல பெண். அவள் வீட்டில் எனக்கு ஓர் அறையைத் தயார் செய்து வைத்திருக்கிறாள், ஏர்கான் மாட்டியிருக்கிறாள். பால்கனியும் உண்டு; செடி மட்டும் கூடாது, கொசு வரும். "ரெண்டு லக்கேஜ் போதும் மா. மத்ததெல்லாம் த்ரோ பண்ணிடலாம். தனியா எதுக்கு இருக்கீங்க?" என்று வாரா வாரம் கேட்கிறாள். அன்பாகத்தான் கேட்கிறாள். அதனால்தான் பயமாக இருக்கிறது. அன்பாகக் கேட்பவர்களிடம் எத்தனை பேர் தோற்றுப்போனோம் என்று உங்களுக்கே தெரியும். செடி போனால் நானும் கிளம்பிவிடுவேன் என்பது அவள் கணக்கு. என் அப்பாவின் பேத்தி அல்லவா!

இந்த முறை தாளில் தமிழ் சுத்தமாக இருந்தது. 'தொட்டிகளை அகற்றவும்.' ஒரு பிழை இல்லை. யாரோ ஒழுங்காகப் படித்த பிள்ளை எழுதியிருக்கிறது, நன்றாக இருக்கட்டும். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பென்சிலை எடுத்தேன். 'ற்ற' வை அடித்தேன். மேலே 'ட்ட' என்று எழுதினேன். திருத்திய தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினேன். பிறகு வெளியே போய், முட்டி வலிக்க வலிக்கக் குனிந்து, தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சுவரோரம் தள்ளினேன். எதிர் வீட்டுக்காரரின் சக்கர நாற்காலி தாராளமாகப் போகும், தள்ளிப் பார்த்துவிட்டேன். தொட்டிக்கு அடியில் தட்டும் கிடையாது, தண்ணீரும் தேங்காது. வருகிறவர்கள் வரட்டும்.

சாயங்காலம் மகள் ஃபோன் செய்தாள்.

"மா, நோட்டீஸ் வந்துச்சா? பிளான்ட்ஸ் எல்லாம் என்ன பண்ணீங்க?"

"நோட்டீஸ்ல இருக்கிறபடியே அகட்டிட்டேன்மா."

 அவள் குரலில் அவ்வளவு நிம்மதி.

"குட் லா மா! ஐ நோ இட்ஸ் நாட் ஈஸி. எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்," என்றேன். ஃபோனை வைத்துவிட்டு வெளியே போய், மிளகாய்த் தொட்டியை இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தேன்.